பாவலர் பங்கு எங்கே?

இஸ்லாமிய இசைப்பாடல்களைப் பற்றி நம் இதழ்களில் வெளிவரும் திறனாய்வுகள் பெரும்பாலும் இரண்டு வகையாகவே அமைகின்றன. சொல்லழகு, சந்தம், உவமை என்று பாட்டைப் பகுத்துக் காட்டுவது ஒருவகை. அதில் வரும் கருத்து அகீதாவுக்கு ஒத்ததா, மாறானதா என்று எடை போடுவது மற்றொரு வகை. இரண்டும் வேண்டியவையே. ஆயினும், அந்தப் பாட்டை எழுதியவருக்கு என்ன கிடைத்தது, பாடியவருக்கு என்ன கிடைத்தது என்ற வினா இவ்விரு வகையிலும் தலைகாட்டுவதில்லை. கூலியைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்குப் புறம்பானது என்றொரு எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அவ்வெண்ணம் பிழையானது என்பதே நம் கருத்து. இசைத்தட்டும் ஒலிநாடாவும் போய், யூடியூப், ஸ்பாட்டிஃபை முதலிய இணையத் தளங்களே பாட்டின் கடைத்தெருவாகிவிட்ட இந்நாளில், கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அறியாமல் பாட்டின் வடிவத்தைக்கூட விளங்கிக்கொள்ள இயலாது.

ஒரு சான்று காட்டுவோம். நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகியவர்கள், அவர் தாளமின்றி, தனிக்குரலில் எடுக்கும் தொகையறாவை மறந்திருக்க மாட்டார்கள். பல்லவிக்கு வருமுன் கேட்பவரின் நெஞ்சைப் பண்படுத்தி வைக்கும் உழவு அது. அண்மைக் காலத்தில் வெளிவரும் பாடல்கள் பலவற்றில் தொகையறாவைக் காண்பதரிதாக இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே பல்லவி, அதுவும் உரத்த தாளத்தோடு. சுவை மாறிவிட்டது என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். சுவை மட்டும் மாறவில்லை. ஸ்பாட்டிஃபையில் ஒருவர் ஒரு பாடலை 30 வினாடிகளாவது கேட்டால்தான் அது ஒருமுறை கேட்டதாகக் கணக்கில் ஏறும். அதற்குள் கேட்பவர் விரலால் தள்ளிவிட்டால் பாடியவருக்கும் எழுதியவருக்கும் ஒன்றும் இல்லை. முதல் அரை நிமிடத்தில் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்போது, நிதானமாக ஆலாபித்து வரும் தொகையறாவுக்கு யார் துணிவர்? இஃதொன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், கூலியின் விதி பாட்டின் விதியாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிற்க. இத்தளங்கள் செய்த நன்மையை மறைப்பது நீதியாகாது. பரணில் தூசி படிந்து கிடந்த ஒலிநாடாக்களின் பாடல்களைச் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் துபாயிலும் வாழும் பேரப்பிள்ளைகள் இன்று கேட்கிறார்கள். காயல் ஷேக் முஹம்மது அவர்களின் குரல், அவரை மேடையில் காணும் பேறில்லாதவர்களின் இல்லங்களில் ஸஹர் நேரத்தில் ஒலிக்கிறது. இது சிறிய நன்மையன்று. ஆயின் அந்தக் குரலைச் சுற்றி விளம்பரம் ஓடுகிறது. விளம்பரத்துக்குப் பணம் வருகிறது. அந்தப் பணம் எங்கோ போகிறது. யூடியூப் தளம் தன் பங்காளர் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வழக்கமான காணொளிகளின் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 பங்கும், குறுங்காணொளிகளுக்கு 45 பங்கும் தருவதாக அறிவித்துள்ளது. விளம்பரப் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருத்தலும், அல்லது 90 நாட்களில் குறுங்காணொளிகள் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருத்தலும் தேவை. கவனிக்க: இந்தப் பங்கு அலைவரிசையை நடத்துபவருக்கு உரியது. பாட்டை எழுதியவருக்கு என்று தனியே எழுதி வைக்கப்பட்டதன்று. நாகூர்ப் புலவர் ஆபிதீன், கவிஞர் நாகூர் சலீம் போன்றோர் எழுதிய பாடல்கள் நம் சமுதாயத்தின் நாவில் இன்றும் நிற்கின்றன. அப்படிப்பட்ட பாவலர்களின் பெயரைக்கூடக் குறிப்பிடாமல், "அருமையான இஸ்லாமிய கீதம்" என்று மட்டும் தலைப்பிட்டுப் பதிவேற்றும் வழக்கம் பரவியிருக்கிறது. பெயரே இல்லாத இடத்தில் பங்கு எங்கிருந்து வரும்?

ஸ்பாட்டிஃபையின் கணக்கு இன்னொரு வகை. சந்தாவாகவும் விளம்பரமாகவும் வரும் பணமெல்லாம் ஒரே குடத்தில் சேர்கிறது. தளம் தன் பங்கை எடுத்தபின், எஞ்சியது மொத்தக் கேட்பில் ஒவ்வொரு பாட்டும் பெற்ற வீதத்துக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. இதன் விளைவைக் குடும்பத் தலைவர்கள் ஓர்ந்து பார்க்க வேண்டும். கீழக்கரையில் ஒரு குடும்பம் மாதச் சந்தா கட்டி, அந்த மாதம் முழுவதும் நபிபுகழ்ப் பாடல்களை மட்டுமே கேட்டதென்று கொள்வோம். அவர்கள் கட்டிய பணத்தின் பெரும்பகுதி அவர்கள் கேளாத திரைப்பாடல்களுக்கே போய்ச் சேரும். ஏனெனில் மொத்தக் குடத்தில் அவைதாமே மிகுதி! மேலும் 2024ஆம் ஆண்டிலிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு அத்தளம் பதிவுரிமைத் தொகை கொடுப்பதில்லை. நம் பாடல்களோ ரபீஉல் அவ்வலிலும் ரமலானிலும் கேட்கப்பட்டு, மற்றைய மாதங்களில் உறங்குபவை. சிற்றூர்க் கவிஞர் ஒருவரின் பாட்டு 900 முறை கேட்கப்பட்டால், அந்த 900 கேட்பின் பயன் ஆயிரத்தைத் தாண்டியவர்களின் பங்கோடு சேர்ந்துவிடும்.

இங்கே ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பார்ப்பது பொருத்தம். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இஜாராவின் பாடம் நினைவிருக்கும். ஒருவரிடம் வேலை வாங்கினால் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். கூலியும் தெரிந்திருக்க வேண்டும். கூலி அறியப்படாதிருப்பின் ஒப்பந்தம் பழுதுபடும். பழுதுபட்ட ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்து முடித்தவருக்கோ "உஜ்ரத்துல் மிஸ்ல்" உண்டு. அதாவது, அத்தகைய வேலைக்கு அத்தகையோர் வழக்கமாகப் பெறும் கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும். ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிக் கைவிரிக்க வேலை வாங்கியவருக்கு இடமில்லை. இஜாரா வேண்டாம், ஜுஆலா என்று வைத்துக்கொள்வோம். காணாமற்போன ஒட்டகத்தைக் கொண்டுவருவோருக்கு இன்ன வெகுமதி என்று அறிவிப்பது போன்றது அது. அதில் வேலையின் அளவு தெரியாதிருக்கலாம். வெகுமதியோ தெரிந்திருக்க வேண்டும். அதுவுமன்று, இது கூட்டு வாணிபம், லாபத்தில் பங்கு என்று தளத்தார் வாதிட்டால், ஷிர்க்கத், முளாரபா ஆகிய பாடங்களுக்குப் போவோம். அங்கே பங்கு வீதம் தெரிந்திருக்க வேண்டும். பங்காளியிடம் இருப்பது அமானிதம். கணக்கைக் காட்டாமல் மறைப்பது மோசடி.

இத்தளங்கள் பாவலரோடு கொண்டுள்ள உறவு இவற்றுள் எதில் அடங்கும்? கூலி முன்கூட்டியே தெரியாது. ஆகவே இஜாராவும் அன்று, ஜுஆலாவும் அன்று. குடத்தின் முழுக் கணக்கும் பாவலருக்குக் காட்டப்படுவதில்லை. ஆகவே நேர்மையான கூட்டும் அன்று. விதியைத் தளத்தாரே எழுதுகிறார்கள், தாமே மாற்றுகிறார்கள். ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்பதே பாவலருக்கு உள்ள தேர்வு. வேலை வாங்கும்போது கூட்டு என்றும், கணக்குக் கேட்கும்போது கூலி என்றும் வேடம் மாறும் இந்த ஏற்பாட்டுக்கு நம் நூல்களில் ஒரு நல்ல பெயர் கிடைக்காது. மத்யன் நகரத்து வணிகர்களிடம் மக்களுக்குரிய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் எடுத்துரைத்ததைத் திருமறை கூறுகிறது. அளவை, நிறுவையைக் குறிப்பிட்ட பின்னரும் பொதுவாக "பொருள்கள்" என்று சொல்லப்பட்டிருப்பதை ஓர்ந்தால், தராசில் ஏறாத உரிமைகளும் அதில் அடங்கும் என்று கொள்ள இடமுண்டு.

பாட்டு என்பது பொருளா, அதற்கு உரிமை உண்டா என்று கேட்போர் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். இது வீண் கேள்வியன்று. உலமாப் பெருமக்கள் நெடுங்காலம் விவாதித்த கேள்வி. கண்ணால் காணத்தக்க, சேமித்து வைக்கத்தக்கதே "மால்" என்பது ஹனஃபி அறிஞர்களின் பழைய இலக்கணம். வெறும் உரிமையை விற்பது அவர்களுக்கு உடன்பாடன்று. இதனடிப்படையில் நூலாசிரியர் உரிமையை ஏற்க மறுத்தவர்கள் தேவ்பந்து மரபில் மூத்த அறிஞர்களிடையேயும் இருந்தார்கள். கல்வியை மறைக்கலாகாது என்பது அவர்களின் கவலை. ஷாஃபிஈ அறிஞர்களோ பயன்பாட்டையும் மால் என்றே கொண்டவர்கள். ஒருவரது வீட்டை அபகரித்துச் சில காலம் குடியிருந்தால், வீட்டைத் திருப்பிக் கொடுப்பதோடு அக்காலத்துக்குரிய வாடகையையும் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் சட்டம். பழைய ஹனஃபி நூல்கள் அந்த வாடகையை விதிக்கவில்லை. ஆனால், பிற்கால ஹனஃபி அறிஞர்கள் மூன்றுக்கு விலக்கு அளித்தார்கள்: வக்ஃபுச் சொத்து, அனாதைகளின் சொத்து, வருவாய்க்கென்றே வைக்கப்பட்ட சொத்து. பாவலர் ஒருவர் மறைந்து, அவருடைய சிறு பிள்ளைகளின் உரிமையான பாட்டைப் பிறர் வைத்துச் சம்பாதிப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ வழக்குப்படி பார்த்தாலும், உள்நாட்டு ஊர்களின் ஹனஃபி வழக்குப்படி பார்த்தாலும் தப்பிக்க வழியில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியின் ஐந்தாம் அமர்வு, நூலாக்க உரிமை முதலியவை உரியவருக்கே சொந்தமானவை, இக்கால வழக்கில் பண மதிப்புடையவை, ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியவை, அவற்றில் அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது.

இனி, நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு மறுமொழிக்கு வருவோம். "அல்லாஹ்வுக்காக எழுதிய பாட்டு, நபிகளார் மீது பாடிய புகழ், இதற்குக் காசு கேட்பதா?" என்பதே அது. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர் பெரும்பாலும் பாட்டை எழுதியவர் அல்லர்; பயன்படுத்துபவர். தம் உரிமையை அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுப்பது பாவலரின் கொடை. பிறருடைய உரிமையை அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி நாம் விட்டுக்கொடுக்க நமக்கு யார் அதிகாரம் தந்தார்கள்? குர்ஆன் கற்பிப்பதற்குக் கூலி வாங்கலாகாது என்று முற்கால ஹனஃபி அறிஞர்கள் சொன்னதும், மார்க்கக் காரியங்களில் மக்களின் தளர்ச்சியைக் கண்டு பிற்காலத்தவர் அதை அனுமதித்ததும் ஹிதாயா ஓதியவர்கள் அறிந்ததே. தேள் கொட்டிய ஒரு தலைவருக்கு ஃபாத்திஹா ஓதி ஸஹாபாக்கள் ஆடுகளைப் பெற்றதையும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்று, தமக்கும் ஒரு பங்கு வைக்கச் சொன்னதையும் புகாரியில் காண்கிறோம். கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் புகழ்க்கவி பாடியபோது நபிகளார் தம் போர்வையையே அளித்தார்கள். அவருடைய வாரிசுகளிடமிருந்து அதை முஆவியா (ரலி) அவர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் போடப்பட்டது. நம் தமிழிலும் உமறுப்புலவருக்குச் சீதக்காதி வள்ளலின் ஆதரவும், அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவும் இல்லாதிருந்தால் சீறாப்புராணம் நம் கைக்கு எட்டியிருக்குமா? புகழ்ப்பாட்டுக்குப் பொருள் கொடுப்பது இழுக்கு என்று நம் முன்னோர் யாரும் கருதவில்லை.

இசைக்கருவி ஆகுமா, ஆகாதா என்ற விவாதம் வேறு. அதை இங்கே நுழைத்து இந்தக் கேள்வியை மூழ்கடிக்க வேண்டாம். கருவியோடு பாடியது ஹராம் என்று கருதுபவர் அதைக் கேளாமல் இருக்கட்டும். கேட்டுவிட்டு, கூலி கொடுக்கும் நேரத்தில் மட்டும் அந்த ஃபத்வாவை எடுத்துக்காட்டுவது நன்றாயில்லை.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? நம் மக்கள் நினைப்பதைவிட மிகுதியாகவே சொல்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதப்பட்டவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆசிரியரின் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டு முடிந்து அதன்மேல் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். 2013இல் மறைந்த ஒரு கவிஞரின் பாட்டு 2073 முடியும்வரை அவருடைய வாரிசுகளுக்கு உரியது. உரிமையைப் பிறருக்கு மாற்றுவதாயின் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எத்தனைக் காலம், எந்த நாட்டுக்கு, எவ்வளவு உரிமைத்தொகை என்பவை அதில் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு. நிலப்பரப்புக் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பகரா அத்தியாயத்தின் மிக நீண்ட வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்க, நம் கவிஞர்கள் வாய்ச்சொல்லில் பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒருவகையில் பார்த்தால் அதுவும் அவர்களுக்குச் சாதகமே. எழுத்து இல்லையென்றால் உரிமை மாற்றமும் இல்லை! ஒலிநாடாக் காலத்தில் தயாரிப்பாளருக்கு எழுத்தில்லாமல் கொடுத்த பாடலின் சொல்லுரிமை, கவிஞர் அவரிடம் சம்பள ஊழியராக இருந்தாலன்றி, கவிஞரிடமே நிற்கிறது. ஒலிப்பதிவின் உரிமை வேறு. அது தயாரிப்பாளருக்கு உரியது. வெளியிட்ட ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு நிலைப்பது. 1975இல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை 2035 முடியத் தீரும். ஒரே பாட்டில் இருவேறு உரிமைகள் குடியிருப்பதை நம் மக்கள் பிரித்தறிவதில்லை. குழப்பத்துக்கெல்லாம் மூலம் இதுவே.

இந்தச் சட்டம் ஒரேநாளில் இவ்வளவு கனிவாகிவிடவில்லை. 1977இல் உச்ச நீதிமன்றம், திரைப்படத்துக்காக எழுதிக் கொடுத்த பாட்டின் வருவாயில் பாடலாசிரியர் பின்னர் பங்கு கேட்க இயலாதபடி, தயாரிப்பாளருக்கே உரிமை என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்புரை எழுதி, பாடுபவருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லாதிருப்பதைச் சுட்டிக்காட்டினார். பாடுபவர்களுக்கு உரிமை என்ற சொல் சட்டத்தில் ஏறியது 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். பாடலாசிரியர்களின் உரிமைக்காக, மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் முதலியோர் போராடியபின், 2012 ஜூன் 21 முதல் பெரிய திருத்தம் நடைமுறைக்கு வந்தது. திரைப்படத்தைச் சேராத ஒலிப்பதிவுகளைப் பற்றி அதில் தனிவிதி இருக்கிறது. பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும்கூட, அப்பாட்டு எவ்வடிவில் பயன்பட்டாலும் அதன் உரிமைத்தொகையில் சம பங்கு கேட்கும் உரிமை ஆசிரியரை விட்டுப் போகாது. நம் இஸ்லாமிய கீதங்கள் பெரும்பாலும் திரைக்குப் புறம்பானவை. ஆகவே இவ்விதி நமக்கென்றே எழுதியது போல் இருக்கிறது. மற்றொரு விதி: உரிமை எழுதிக் கொடுத்த காலத்தில் இல்லாதிருந்த புதிய ஊடகத்துக்கு, ஒப்பந்தத்தில் பெயர் சுட்டிச் சொல்லாதவரை, அந்த உரிமை மாற்றம் செல்லாது. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒலிப்பதிவை வானொலியில் ஒலிபரப்பும்போது அதனுள் அடங்கிய சொல்லுக்கும் இசைக்கும் உரியவர்கள் உரிமைத்தொகை கோரலாம் என்று தெளிவுபடுத்தியது. அதே நீதிமன்றம், வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கென்று சட்டம் தந்த கட்டாய உரிமச் சலுகையை இணையப் பாட்டுத் தளங்கள் பயன்படுத்திக்கொள்ள இயலாது என்று 2019இல் தீர்ப்பளித்து, 2022இல் மேல்முறையீட்டிலும் அதை உறுதிசெய்தது.

சட்டம் இருந்தும் பணம் ஏன் வரவில்லை? வசூலித்துப் பங்கிடுவதற்கென்று பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. 2017இல் அது மறுபடி பதிவு பெற்றது. பாடகர்களுக்கென்று 2013இல் பதிவு பெற்ற சங்கம் வேறு இருக்கிறது. இவற்றில் உறுப்பினராகித் தம் பாடல்களின் பட்டியலைக் கொடுக்காதவருக்கு இவ்வழியில் பணம் வராது. யூடியூபில் திருட்டுப் பதிவைத் தானாகக் கண்டுபிடிக்கும் பொறி ஒன்று 2007 முதல் இருக்கிறது. ஆனால், பெருந்தொகுதியான படைப்புகளுக்கு உரிமை கொண்டோருக்கே அது வழங்கப்படுகிறது. இருபது பாட்டு எழுதிய மறைந்த கவிஞரின் மனைவிக்கு, ஒவ்வொரு பதிவாகத் தேடிப் புகார்ப் படிவம் நிரப்புவதே வழி. பழைய ஒலிநாடாவை மின்வடிவாக்கி முதலில் பதிவேற்றியவர் உரிமையாளராகத் தோற்றமளிக்கிறார். உண்மையான உரிமையாளர் வழக்காடுபவராக நிற்கிறார். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தளத் தொழிலாளர் என்ற சொல்லுக்கு அதில் இலக்கணம் உண்டு. தள நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தொழிலாளர் நலனுக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. அட்டவணையில் வாடகை வண்டி, உணவு விநியோகம் ஆகியவற்றோடு உள்ளடக்க, ஊடகச் சேவையும் பட்டியலிடப்பட்டுள்ளது. நல்லதே. ஆனால் பாட்டைப் பதிவேற்றிவிட்டு விளம்பரப் பங்குக்குக் காத்திருக்கும் கவிஞர் அந்த இலக்கணத்துள் அடங்குவாரா என்பது நமக்கு ஐயமாகவே இருக்கிறது. வண்டி ஓட்டுபவரை மனத்தில் வைத்து எழுதிய சொற்கள் அவை.

மற்றைய நாடுகளில் முதலில் கேட்டது கணக்கைத்தான். 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியப் பதிப்புரிமை ஆணை, படைப்பாளியிடம் உரிமை பெற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வருவாய்க் கணக்கைக் காட்ட வேண்டும் என்கிறது. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, தம் படைப்பு எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற விவரத்தைத் தளங்கள் சங்கத்துக்குத் தரவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் பெற்றது. நம் சட்டத்தில் சம பங்கு உண்டு. எதற்குச் சம பங்கு என்று கணக்குக் காட்டும் ஆண்டுக் கடமை அவ்வளவு தெளிவாக இல்லை. முளாரபா படித்தவருக்கு இந்தக் குறை உடனே கண்ணில் படும்.

குரலையே பிரதியெடுக்கும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2024இல் வெளிவந்த லால் சலாம் திரைப்படத்தில், மறைந்த பாடகர் ஷாகுல் ஹமீதின் குரலையும், 2022இல் மறைந்த பம்பா பாக்கியாவின் குரலையும் இம்முறையில் மீட்டெடுத்து ஒரு பாடலில் பயன்படுத்தினார் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி இவ்வாறு பிரதியெடுப்பதற்குத் தடை விதித்தது. அனுமதி கேட்ட இடத்தில் குடும்பத்துக்கு ஊதியம் போயிற்று. கேளாத இடத்தில் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. நம் பழம்பெரும் பாடகர்களின் குரலில் புதுப்பாட்டுகளைச் செய்து சுற்றுக்கு விடும் இளைஞர்கள், பாசத்தால் செய்தாலும், இந்த வேறுபாட்டை அறிந்து செய்ய வேண்டும்.

மீலாது மேடையில் பாடக்கூட இனிக் காசு கட்ட வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். உண்மையான மார்க்கச் சடங்குகளில் பாடுவதற்கும், திருமண ஊர்வலத்திலும் அதனோடு சேர்ந்த விருந்துகளிலும் பாடுவதற்கும் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. அந்த மேடைப் பாட்டைப் படமெடுத்து, விளம்பரத்தோடு அலைவரிசையில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு இல்லை. பெயரைச் சொல்லுவதோ எந்தச் சட்டமும் இல்லாமலே நம்மீது கடமை. இஸ்னாது இல்லாமல் ஒரு சொல்லையும் எடுத்துச் சொல்லாத மரபு நம்முடையது. பிறர் நூலைத் தம்முடையதாக்கிக் கொண்டவரைக் கண்டித்து இமாம் ஸுயூத்தீ (ரஹ்) தனி நூலே எழுதினார்கள். அந்த மரபில் வந்தவர்கள் பாவலர் பெயரை வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் பரப்புவது எப்படிப் பொருந்தும்?

குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உரிமைத்தொகை தர்க்காவன்று, நன்கொடையன்று; அது தரிக்கா, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து. பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. வீட்டையும் நிலத்தையும் பிரித்த குடும்பங்கள் பாட்டைப் பிரித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. மூத்த மகன் அலைவரிசை நடத்தி வருவாயை எடுத்துக்கொள்வதும், கட்டிக்கொடுத்த சகோதரிகள் அப்படி ஒன்று இருப்பதையே அறியாதிருப்பதும் நடவாததன்று. உரிமை 60 ஆண்டு நீடிப்பதால், பங்கிடுமுன்பே வாரிசுகளில் சிலர் இறந்து அவர்களின் வாரிசுகள் வந்து சேருவார்கள். முனாஸகா கணக்குப் போடத் தெரிந்த ஆலிம்களுக்கு இனி வேலை இருக்கிறது!

இவற்றுக்கெல்லாம் சான்று வேண்டும். பெருநாள் காலங்களில் சிறு அச்சகங்கள் வெளியிட்ட பழைய பாட்டுப் புத்தகங்கள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அச்சிட்ட பிரதியில் ஆசிரியர் என்று யாருடைய பெயர் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கப்படும்வரை அவரையே ஆசிரியர் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. பழைய தாள்காரரிடம் எடைக்குப் போடுமுன் அப்புத்தகங்களின் முதல் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். பெயர் இருந்தால் கரையானுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அந்தக் கவிஞரின் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.